தைத்துக் கொடுத்தாச்சு, பில் பணம் வரவில்லை: ஒரு பவர்டேபிள் யூனிட்டின் கேள்வி

திருப்பூருக்குப் பக்கத்தில் பதினான்கு மெஷின் போட்டு பவர்டேபிள் யூனிட் (கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சிறு தையல் கூடம்) நடத்தும் ஒரு சகோதரியின் கடிதம் இது. பெயர், ஊர், கம்பெனி எல்லாவற்றையும் விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

கணவர் தையல் பக்கம் பார்க்கிறார், பில்லும் கணக்கும் இவர் பொறுப்பு. 2023இல் இருந்து ஒரே எக்ஸ்போர்ட் பார்ட்டிக்கு டி-சர்ட் ஜாப் ஒர்க். துணி, லேபிள் எல்லாம் பார்ட்டியுடையது, இவர்களுக்குப் பீஸ் ரேட் மட்டும். எழுத்தில் எந்த ஒப்பந்தமும் இல்லை, ‘60 நாள் கிரெடிட்’ என்பது வாய்ப்பேச்சு. இதுவரை போட்ட பில் 31,20,000 ரூபாய், வந்தது 24,40,000 ரூபாய், நிற்பது 6,80,000 ரூபாய். எந்தப் பில்லுக்கு என்று சொல்லிப் பணம் வந்ததே இல்லை. ஐம்பதாயிரம், ஒரு லட்சம் என்று ரவுண்டாக வரும், இவர் லெட்ஜரில் வரவு வைத்துக்கொள்வார்.

கொஞ்சம் அழுத்திக் கேட்டதும் பார்ட்டி ஒரு செக் கொடுத்திருக்கிறார், 3,00,000 ரூபாய்க்கு. தொகையும் தேதியும் அவர் கையாலேயே எழுதியது. கூடவே வாட்ஸ்அப்பில், “இப்பப் போட்டுறாதீங்க அக்கா, நானே சொல்றனுங்க” என்று ஒரு மெசேஜ். செக் தேதிக்கு இப்போது இரண்டு மாதம் ஆகிவிட்டது. நடுவில் ஜிபேயில் 40,000 ரூபாய் வந்தது, அதோடு சரி. மறுபடி கேட்டபோது 2,15,000 ரூபாயைப் பாக்கியில் கழித்துக்கொள்வதாக டெபிட் நோட் வந்திருக்கிறது. ஏழு மாதம் முன்பு டெலிவரி ஆன ஒரு லாட்டில் தையல் சரியில்லையாம், லேட் ஆனதால் விமானத்தில் அனுப்ப வேண்டி வந்ததாம். அதைக் கழித்து மீதி 4,65,000 ரூபாயைப் பத்து மாதத்தில் பிரித்துத் தருவதாகச் சொல்கிறார்.

கடைசி லாட், 1,150 பீஸ், தைத்து முடித்து இன்னும் யூனிட்டிலேயே இருக்கிறது. அதை வெளியில் விற்றுக் கணக்கை நேர் செய்துவிடலாம் என்கிறார் கணவர். போலீஸில் சீட்டிங் கேஸ் கொடு என்கிறார் தம்பி. கணக்குப் பார்ப்பவரோ, உத்யம் பதிவு (குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) எடுத்தது 2024 அக்டோபரில்தான், அதற்கு முந்தைய பில் 1,90,000 ரூபாய் இன்னும் நிற்கிறது, அது போனது போனதுதான் என்கிறார். இது வெறும் உத்தரவாதத்துக்குக் கொடுத்த செக்யூரிட்டி செக், இதை வங்கியில் போட்டால் நாம்தான் மாட்டுவோம் என்று இன்னொருவர் பயமுறுத்தியிருக்கிறார். கடைசியாக இவர் கேட்பது: “கோர்ட்டு, கேஸுன்னு போனா இந்த ஊர்ல வேற யாராவது எங்களுக்கு வேலை குடுப்பாங்களா?”

அன்புள்ள சகோதரிக்கு,

ஆளாளுக்கு ஒன்று சொல்லிக் குழப்பியிருக்கிறார்கள். உங்களிடம் இருக்கும் காகிதங்களைப் பார்த்தால் நீங்கள் நினைப்பதைவிட உங்கள் கை ஓங்கித்தான் இருக்கிறது. ஆனால் எதை முதலில் செய்வது என்ற வரிசை முக்கியம். போலீஸ், டெபிட் நோட், கவுன்சில் (குறு, சிறு தொழில்களின் பாக்கித் தகராறைத் தீர்க்கும் அரசு அமைப்பு) எல்லாம் ஒரு வாரம் பொறுக்கும். செக் பொறுக்காது.

முதல் வேலை செக்

செக் அதன் தேதியிலிருந்து மூன்று மாதம்தான் செல்லும். இரண்டு மாதத்தை அவர் ஒரு மெசேஜிலேயே கடத்திவிட்டார். இன்னும் ஒரு மாதம் ‘நானே சொல்றனுங்க’ என்று ஓட்டினால் உங்கள் கையில் இருப்பது வெறும் தாள். கடன் போகாது, ஆனால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு தரும் பிடி போய்விடும். அதனால் இந்த வாரமே உங்கள் கணக்கில் போடுங்கள்.

“செக்யூரிட்டி செக்” என்று சொல்லிவிட்டால் அது செல்லாது என்பது ஊரில் உலவும் பெரிய கட்டுக்கதை. வங்கியில் போடும் நாளில் அந்தத் தொகைக்கு உண்மையான கடன் இருந்தால், செக்யூரிட்டிக்காகக் கொடுத்த செக்குக்கும் 138 பொருந்தும். உச்ச நீதிமன்றம் இதை ஒருமுறைக்கு மேல் சொல்லியிருக்கிறது. உங்களுக்கு வர வேண்டியது 6,80,000, செக் 3,00,000. போட்டதற்காக நீங்கள் மாட்ட எந்த வழியும் இல்லை.

ஒரே ஒரு இடத்தில் கவனம் வேண்டும், அந்த ஜிபே 40,000. செக் கொடுத்த பிறகு அந்தச் செக்குக்காகவே ஒரு பகுதி பணம் வந்து, அதைக் குறிக்காமல் முழுத் தொகைக்கும் செக்கைப் போட்டால் வழக்கு நிற்காது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. உங்கள் விஷயத்தில் மொத்தக் கடன் செக் தொகையைவிடப் பெரியது. 40,000 எந்தக் கணக்குக்கு என்று அவர் சொல்லாமல் அனுப்பியிருந்தால், அதை வேறு பில்லில் வரவு வைக்க உங்களுக்கு உரிமை உண்டு. அதனால் வங்கிக்குப் போகும் முன் அந்த நாளின் வாட்ஸ்அப்பை ஒரு தடவை படித்துப் பாருங்கள். ‘செக் அமவுண்ட்ல கழிச்சுக்கோங்க’ என்ற மாதிரி ஏதாவது இருந்தால் செக்கை அப்படியே போடாதீர்கள், வழக்கறிஞரைப் பார்த்துவிட்டுப் போடுங்கள். அப்படி ஒன்றும் இல்லையென்றால் தயங்க வேண்டாம்.

பணம் வந்துவிட்டால் நல்லது. திரும்பினால் வங்கி ஒரு மெமோ தரும். அதிலிருந்து நாள் எண்ண ஆரம்பிக்க வேண்டும். தகவல் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், கம்பெனி பெயருக்கும் உரிமையாளர் பெயருக்கும், ஒப்புகையோடு. அது அவர் கைக்குப் போனதிலிருந்து 15 நாள் அவருக்கு அவகாசம். அதற்குள்ளும் பணம் தரவில்லையென்றால் அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் புகார். உங்கள் வங்கிக் கிளை எந்த ஊரில் இருக்கிறதோ அந்த எல்லை நீதிமன்றமே போதும், வெளியூர் அலைய வேண்டாம்.

செக் திரும்பியதும் ஆளைப் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். இரண்டு வருடம் வரை சிறை, செக் தொகையில் இரண்டு மடங்கு வரை அபராதம் என்று சட்டத்தில் இருக்கிறது. நடைமுறையில் வாய்தா வாய்தாவாக நடக்கும், பாதி வழியில் பலர் சமாதானத்துக்கு வருவார்கள். எதிரி குற்றத்தை மறுத்து வழக்கை நடத்தினால், செக் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு கேட்டு மனுப் போடலாம். அதை மறக்காமல் கேட்கச் சொல்லுங்கள், பல வழக்குகளில் கேட்காமலேயே விட்டுவிடுகிறார்கள்.

அந்த 1,150 பீஸ்

உங்கள் கணவரின் கோபம் புரிகிறது. ஆனால் விற்கக் கூடாது. ஒரு பீஸ் கூட.

துணி பார்ட்டியுடையது. தைப்பதற்காக நம்பிக் கொடுத்த பொருளை எடுத்து விற்றால் அது நம்பிக்கை மோசடி, பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆம் பிரிவு. இத்தனை நாள் பணம் தராமல் இழுத்தவர் புகார்தாரர் ஆகிவிடுவார், நீங்கள் குற்றவாளிக் கூண்டில் நிற்பீர்கள். பீஸில் வெளிநாட்டு பையரின் லேபிள் வேறு தைத்திருக்கும், அதை உள்ளூர்ச் சந்தையில் விட்டால் டிரேட்மார்க் தகராறும் சேர்ந்துகொள்ளும்.

விற்கத்தான் கூடாது, கொடுக்காமல் வைத்திருக்கலாம். ஒருவர் பொருளின் மீது உழைப்போ திறமையோ செலுத்தியவர், அந்த வேலைக்கான கூலி வரும்வரை பொருளைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்கிறது 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 170ஆம் பிரிவு. ஆனால் எல்லை குறுகியது. அந்த லாட்டைத் தைத்த கூலிக்கு மட்டும்தான் அந்த லாட்டைப் பிடிக்கலாம், பழைய 6,80,000க்காகப் பிடிக்க முடியாது. நீங்கள் எழுதியபடி பீஸுக்கு 22 ரூபாய் என்றால் இந்த லாட்டின் கூலி 25,300 ரூபாய், வரி தனி. ‘சரக்கு தயார், இந்த லாட்டின் கூலியைக் கட்டிவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று இன்றே எழுத்தில் அனுப்பிவிடுங்கள். அவர் அந்தத் தொகையைக் கட்டினால் பீஸைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஷிப்மென்ட் நாள் நெருங்க நெருங்க அவரே வருவார், அப்போது பழைய பாக்கி பற்றியும் பேசலாம். பேசலாம், மிரட்டக் கூடாது.

அதுவரை சரக்கை எண்ணி, மூட்டை கட்டி, போட்டோ எடுத்து, ஈரம் படாமல் வையுங்கள். உங்கள் கையில் இருக்கும்போது கெட்டுப் போனால் அதற்கும் ஒரு டெபிட் நோட் வரும்.

ஏழு மாதம் கழித்து வந்த குறை

இதில்தான் நீங்கள் ரொம்பவும் பயந்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் 2006, உங்களைப் போன்றவர்களுக்காகவே ஒரு விதி வைத்திருக்கிறது. சரக்கோ சேவையோ போய்ச் சேர்ந்து 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால், போய்ச் சேர்ந்த அன்றே அவர் ஏற்றுக்கொண்டதாகக் கருத வேண்டும். உங்கள் பார்ட்டி ஏழு மாதம் சும்மா இருந்திருக்கிறார். நீங்கள் பணம் கேட்டு அழுத்திய பிறகுதான் தையல் கோணலாகத் தெரிந்திருக்கிறது.

டெலிவரி சலான் நகல்களை எடுத்துப் பாருங்கள். கேட்டில் போட்ட சீலும், செக்கிங் ஆள் எண்ணி வாங்கிய கையெழுத்தும் இருக்கும். அந்தக் கையெழுத்துக்கு மேல் பெரிய சாட்சி கிடையாது. அதே சமயம், டெலிவரி ஆன முதல் 15 நாளின் வாட்ஸ்அப்பையும் பாருங்கள். ‘அக்கா, சோல்டர்ல தையல் விட்டிருக்கு’ என்று போட்டோவோடு அப்போதே அவர் அனுப்பியிருந்தால் அதுவும் எழுத்து மூலமான ஆட்சேபம்தான், வாட்ஸ்அப் என்பதால் தள்ளிவிட முடியாது. அப்படி இருந்தால் உண்மையிலேயே எத்தனை பீஸ் கெட்டது, ஆல்டர் செய்து கொடுத்தீர்களா என்று கணக்குப் பார்த்து அந்த அளவுக்கு விட்டுக்கொடுப்பதில் தவறில்லை. 15 நாள் தாண்டிவிட்டதாலேயே தரக் குறை பற்றி அவர் வாயே திறக்க முடியாது என்றும் நான் சொல்லவில்லை. கவுன்சிலில் எதிர்க்கோரிக்கையாக வைக்கலாம். ஆனால் நிரூபிக்கும் சுமை அவருடையது. விமானக் கூலி என்றால் ரசீது எங்கே, லேட் ஆனதற்கு நீங்கள்தான் காரணம் என்பதற்கு என்ன ஆதாரம், துணி உங்களிடம் வந்த தேதி என்ன? துணியையே தாமதமாக இறக்கிவிட்டு தையல்காரர் தலையில் போடுவது எங்கும் நடப்பதுதான். உள்வரவு சலானில் தேதி இருக்கும், தேடி எடுங்கள்.

ஜிஎஸ்டி பார்வையில், பில் தொகையைக் குறைக்க வேண்டுமானால் பில் போட்ட நீங்கள்தான் கிரெடிட் நோட் போட வேண்டும். அவர் அனுப்பிய டெபிட் நோட் அவருடைய கணக்குத் தாள், அவ்வளவே. ‘ஏற்கவில்லை’ என்று காரணத்தோடு ஒரு பதில் அனுப்பி வையுங்கள். பதில் போடாமல் விட்டால் பின்னால், ‘அன்றைக்கே ஒத்துக்கொண்டார்’ என்பார்கள்.

இன்னொரு சாட்சி உங்கள் வீட்டிலேயே இருக்கிறது, நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஜாப் ஒர்க் பில்லுக்கு அவர் 1 சதவீதம் டிடிஎஸ் (வருமான வரிப் பிடித்தம்) பிடித்திருந்தால் அது உங்கள் பான் எண்ணில் வருமான வரித் துறையின் 26ஏஎஸ் அறிக்கையில் ஏறியிருக்கும். தகராறு சொல்லும் அந்தப் பில்லுக்கும் முழுத் தொகைக்கே டிடிஎஸ் பிடித்திருக்கிறார் என்றால், அவர் தன் கணக்கில் அந்தப் பில்லை முழுசாக ஏற்றிவிட்டார் என்றுதானே பொருள்? ஆடிட்டரிடம் சொல்லி இன்றே எடுக்கச் சொல்லுங்கள்.

உத்யம் பதிவும் பழைய பில்லும்

உங்கள் கணக்கர் சொன்னதில் பாதி சரி. பதிவுக்கு முன் நடந்த சப்ளைக்கு 2006ஆம் ஆண்டின் அந்தக் குறு, சிறு நிறுவனச் சட்டத்தின் சலுகைகள் கிடைக்காது என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சில்ப்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் சொன்னது உண்மை. 2025 ஜனவரியில் இன்னொரு அமர்வு அதில் மாறுபட்டு, விஷயத்தைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியிருக்கிறது. அதை நம்பி நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. வேறு வழி இருக்கிறது.

பழைய 1,90,000 ரூபாய் பில் ‘நிற்கிறது’ என்று எதை வைத்துச் சொல்கிறார்? பார்ட்டி பணம் அனுப்பும்போது பில் எண் சொல்லவில்லை. அப்படி வரும் பணத்தை எந்தக் கடனில் வரவு வைப்பது என்பது, வாங்குபவர் விருப்பம் (ஒப்பந்தச் சட்டம் 60ஆம் பிரிவு). இருவருமே குறிப்பிடாவிட்டால் தேதி வரிசைப்படி பழைய கடன் முதலில் தீரும் (61ஆம் பிரிவு). உங்கள் கணக்கில் 2024 அக்டோபருக்கு முன் போட்ட பில்கள் மொத்தம் 14,50,000 ரூபாய். வந்திருப்பதோ 24,40,000. தேதி வரிசையில் வரவு வைத்தால் பழைய பில் எல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டது. இப்போது நிற்கும் 6,80,000 முழுவதும் கடைசியில் போட்ட பில்கள், எல்லாமே உத்யம் பதிவுக்குப் பிந்தையவை. கடனைக் கேட்டு வழக்குப் போட இருக்கும் மூன்று வருடக் காலக்கெடு பற்றிய கவலையும் அதோடு தீர்ந்தது.

ஒரு நிபந்தனை. எந்தத் தவணையையாவது ‘இன்ன பில்லுக்கு’ என்று அவர் சொல்லி அனுப்பியிருந்தால் அதை அப்படியேதான் வைக்க வேண்டும். அவருக்கு நீங்கள் முன்பே அனுப்பிய ஸ்டேட்மென்டில் வேறு மாதிரி காட்டியிருந்தாலும் சிக்கல் வரும். லெட்ஜரைப் பின்தேதியிட்டுத் திருத்தாதீர்கள். இருப்பதை வைத்துத் தேதி வரிசையில் ஒரு புது ஸ்டேட்மென்ட் தயாரித்து, இன்றைய தேதியில் அனுப்புங்கள்.

கவுன்சிலில் என்ன கிடைக்கும்

எழுத்தில் ஒப்பந்தம் இல்லாததை ஒரு குறையாக எழுதியிருக்கிறீர்கள். குறு, சிறு நிறுவனச் சட்டத்தில் அது உங்களுக்குச் சாதகம். எழுத்தில் நாள் குறித்திருந்தால்கூட அது 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தே இல்லையென்றால் ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 15 நாள்தான் கெடு. வாய்ப்பேச்சு 60 நாள், ஊர் வழக்கம் 90 நாள் எதுவும் இங்கே எடுபடாது.

கெடு தாண்டிய நாளிலிருந்து, ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் கூட்டு வட்டியாக. 2023 பிப்ரவரியிலிருந்து இரண்டு வருடம் அந்த விகிதம் 6.75 சதவீதமாக இருந்தது, அதன்பின் இறங்கியது. 5.50 என்று வைத்துக்கொண்டாலும் வருடத்துக்கு 16.5 சதவீதம். 6,80,000 ரூபாய்க்கு மாதம் 9,000 ரூபாய்க்கு மேல் ஏறுகிறது. ‘வட்டியெல்லாம் கேட்டால் நன்றாக இருக்காது’ என்று எழுதியிருந்தீர்கள். டெய்லர்களுக்குச் சனிக்கிழமை சம்பளம் போட நீங்கள் நகையை வைத்து வாங்கிய கடனுக்கு வட்டி கட்டுகிறீர்களே, அது மட்டும் நன்றாக இருக்கிறதா?

மனுவை ஆன்லைனில் போடலாம். உத்யம் எண், பில்கள், சலான்கள், ஸ்டேட்மென்ட் இருந்தால் போதும். தமிழ்நாட்டில் சென்னை, திருச்சி, மதுரை, கோவை என்று மண்டல கவுன்சில்கள் இருக்கின்றன, உங்களுக்குக் கோவை. தடுமாறினால் மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். முதலில் சமரசப் பேச்சு, அது முறிந்தால் நடுவர் தீர்ப்பு. வழக்கறிஞர் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் அதைவிட நெடுநாள் இழுக்கும், அதற்கு மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். ஆனால் தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தால், அதை எதிர்த்து நீதிமன்றம் போக அவர் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். இழுத்தடிப்பதற்காகவே அப்பீல் போகிறவர்களை இந்த விதி நிறுத்திவிடும். சாதாரண சிவில் வழக்கு என்றால் 3 சதவீதம் கோர்ட் ஃபீஸ், அதாவது சுமார் 20,400 ரூபாய், நீங்கள் கையிலிருந்து கட்டித்தான் தொடங்க வேண்டும்.

வழக்குப் போடும் முன்பே அவரை யோசிக்க வைக்கும் இரண்டு விஷயங்களை நோட்டீஸில் சேர்க்கச் சொல்லுங்கள். ஒன்று, உங்கள் பில்லில் உள்ள ஜிஎஸ்டியை அவர் உள்ளீட்டு வரியாக எடுத்திருப்பார். பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் உங்களுக்குப் பணம் தராவிட்டால் அதை அவர் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். நிற்கும் தொகையில் வரி மட்டும் 32,000 ரூபாய் சொச்சம், அதை நீங்கள் ஏற்கனவே உங்கள் பணத்திலிருந்து அரசுக்குக் கட்டிவிட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள். இரண்டு, 2023-24 நிதியாண்டிலிருந்து வருமான வரியில் ஒரு மாற்றம்: குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டியதைக் கெடுவுக்குள் தராமல் வைத்திருந்தால், பணம் கொடுக்கும் வருடம் வரை அதைச் செலவாகக் காட்டி வரி குறைக்க முடியாது. அவருடைய ஆடிட்டருக்கு இது நன்றாகத் தெரியும். உங்கள் உத்யம் எண்ணைப் பில்லில் அச்சடித்திருக்கிறீர்களா? இல்லையென்றால் அடுத்த பில்லிலிருந்து போடுங்கள்.

போலீஸும், பத்து மாதத் தவணையும்

தம்பி சொன்ன சீட்டிங் கேஸ் உங்களுக்குப் பொருந்தாது. தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். 24 லட்சத்துக்கு மேல் கொடுத்தவரை அப்படிச் சொல்வது கடினம். ஸ்டேஷனில் புகாரை வாங்கி சிஎஸ்ஆர் ரசீது தரலாம், அப்புறம் ‘இது சிவில் விவகாரம்’ என்று முடித்துவிடுவார்கள். நாலு பேரைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டு வாசலில் நிற்பதோ, வசூல் ஆட்களிடம் விடுவதோ வேண்டவே வேண்டாம். கேஸ் உங்கள் மேல் திரும்பும்.

அவர் சொல்லும் சமரசத்துக்கு வருகிறேன். 4,65,000 ரூபாய், பத்து மாதம், வாய்ச்சொல். இதை நான் ஏற்கச் சொல்ல மாட்டேன். மாதம் 46,500 என்று இரண்டு தவணை வரும், மூன்றாவது மாதம் பழைய கதை. அதற்குள் இந்தச் செக்கும் காலாவதி ஆகியிருக்கும், ஒருவேளை அதற்காகத்தான் இந்தப் பேச்சே. அதற்காகச் சமரசமே கூடாது என்பதில்லை. மொத்தமாக ஒரு மாதத்துக்குள் 6 லட்சம் தருகிறேன் என்றால் வட்டியை விட்டுவிட்டு முடிப்பது புத்திசாலித்தனம் என்பேன், கவுன்சிலில் ஒன்றரை வருடம் நிற்பதைவிட அது மேல். தவணைதான் என்றால் மூன்று, நான்கு தவணைக்கு மேல் போகாமல், முத்திரைத்தாளில் எழுதி வாங்குங்கள். 6,80,000 பாக்கி என்று அவர் ஒப்புக்கொண்ட வரி அதில் இருக்க வேண்டும், ஒரு தவணை தவறினாலும் தள்ளுபடி ரத்தாகி முழுத் தொகையும் வட்டியோடு உடனே தர வேண்டும் என்றும் இருக்க வேண்டும். தவணைக்கொரு செக் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய செக்கை மட்டும் திருப்பிக் கொடுக்காதீர்கள், புதுச் செக்குகள் கைக்கு வந்து முதல் தவணை கணக்கில் ஏறும்வரை.

இனி வேலை கிடைக்குமா என்ற கேள்வி. பொய் சொல்ல விரும்பவில்லை: இந்தப் பார்ட்டி இனி வேலை தர மாட்டார். உத்யம் இருப்பவர்களிடம் வேலை கொடுக்கவே யோசிக்கும் கம்பெனிகளும் உண்டு. ஆனால் இப்போதே அவர் தந்த வேலையை நீங்கள் உங்கள் நகையில்தான் செய்துகொண்டிருக்கிறீர்கள். ஒரே பார்ட்டியை நம்பி பதினான்கு மெஷினும் ஓடுவதுதான் உண்மையான ஆபத்து. வேறு ஒரு பார்ட்டியிடம் ஐந்தாறு மெஷினுக்காவது வேலை பேசி வைத்துவிட்டு நோட்டீஸ் அனுப்பினால் உங்கள் கை நடுங்காது. புதியவரிடம் ஆரம்பத்திலேயே ஒரு பக்க வேலை ஆர்டர் வாங்குங்கள்: ரேட், 30 நாள் கிரெடிட், குறை இருந்தால் ஏழு நாளுக்குள் எழுத்தில், அவ்வளவு போதும்.

டெய்லர்கள் சம்பளம் இரண்டு வாரம் நிற்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பார்ட்டி தரவில்லை என்பது அவர்களுக்குச் சம்பளம் தராததற்குக் காரணமாகச் சட்டத்தில் எடுபடாது, அந்தப் பொறுப்பு உங்களுடையது. எங்கிருந்து எது வந்தாலும் முதலில் அதைத் தீர்த்துவிடுங்கள்.

இந்த வாரம் செக்கைப் போட்டுவிட்டு, பில்கள், சலான்கள், வங்கி ஸ்டேட்மென்ட், 26ஏஎஸ், உத்யம் சான்று எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் தேதி வரிசையில் அடுக்குங்கள். வாட்ஸ்அப் உரையாடலை முழுசாக எக்ஸ்போர்ட் செய்து மெயிலில் போட்டு வையுங்கள், அந்த போனை மாற்றவோ ஃபார்மேட் செய்யவோ வேண்டாம். நீதிமன்றத்தில் அதைக் காட்ட பாரதிய சாக்ஷிய அதினியம் 63ஆம் பிரிவின் கீழ் ஒரு சான்று தேவைப்படும், வழக்கறிஞர் தயாரித்துத் தருவார். செக் திரும்பினால் மெமோவின் மேல் மூலையில் அது கைக்கு வந்த தேதியைப் பேனாவால் எழுதி வைத்துக்கொண்டு அன்றோ மறுநாளோ வழக்கறிஞரிடம் போங்கள். 30 நாள் இருக்கிறதே என்று 29ஆம் நாள் வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எங்களுக்கு அலுத்துவிட்டது.